பழைய ஆக்‌ஷன் மேன் பொம்மையின் தலையில் ஃப்ளாக் முடி நிற்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். பக்கத்துக் கோல்வில்லில் பேலிடாய் பொம்மை ஆலை செய்த 12 அங்குல ஆக்‌ஷன் மேன் ஒன்று சந்தையில் கிடைத்தது. உச்சந்தலையில் முடி தேய்ந்து வழுக்கையாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் பிவிஏ பசை (வெள்ளைப் பசை) தடவி, 1 மி.மீ. பழுப்பு நைலான் ஃப்ளாக்கை (பொடிப்பொடியாக வெட்டிய இழை) டீ வடிகட்டியால் தூவினேன். காய்ந்த பிறகு முடி படிந்து, கம்பளித் துணி ஒட்டியதுபோல இருக்கிறது. விரல் பட்டால் உதிர்கிறது. நெற்றி ஓரத்தில் பசை வெள்ளையாகத் தெரிகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
வெறுமனே தூவினால் இழை படுக்கத்தான் செய்யும். 1970இல் பேலிடாயும் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனமும் வண்ணம் பூசிய தலையை விட்டு ஃப்ளாக் முடிக்கு மாறினார்கள். அந்த முடி நிமிர்ந்து நிற்பது நிலைமின்சாரத்தால். உயர் மின்னழுத்தத்தில் ஒவ்வொரு இழையும் மின்னேற்றம் பெற்று, மின்புலத்தின் திசையிலேயே பறந்து வந்து பசையில் நுனி குத்தி நிற்கும். மாடல் ரயில் அமைப்பவர்கள் செயற்கைப் புல் நட வைத்திருக்கும் நிலைமின்சாரக் கைக்கருவியே இதற்குப் போதும். ஆனால் அவர்களுடைய புல் இழையை வாங்காதீர்கள். 2 மி.மீ.க்கு மேல் போனால் இந்த அளவுத் தலையில் பிரஷ் மாதிரி நிற்கும். 0.5 முதல் 1 மி.மீ. வரைதான் சரி. பளபளப்பு பிடிக்காவிட்டால் நைலானுக்குப் பதில் ரேயான் எடுங்கள்.

பதில் 2:
வழுக்கையை மட்டும் நிரப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். பழைய முடி வெயிலில் நிறம் மாறியிருக்கும், ஓரத்தில் மேடும் தெரியும். முழுவதும் எடுத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. பழைய வினைலில் பிசுபிசுப்பு கசியும். உங்களுக்கு உதிர்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சோப்பு நீரில் கழுவி, மண்டையை மட்டும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புருவம், கண் பக்கம் போகவே வேண்டாம், வண்ணம் கரைந்துவிடும்.

பிவிஏ சீக்கிரம் ஆடை கட்டிவிடும், பிறகு இழை உள்ளே இறங்காது. மெதுவாகக் காயும் அக்ரிலிக் ஃப்ளாக் பசை வாங்கி, முடியின் நிறத்திலேயே கொஞ்சம் அக்ரிலிக் வண்ணம் கலந்து பூசுங்கள். நெற்றி ஓரம் தெரியாது.

கேட்டவர்:
நன்றி. வினைலில் மின்சாரம் பாயாதே, கருவியிலிருந்து வரும் எர்த் கம்பியின் கிளிப்பை எங்கே மாட்டுவது? கொசு பேட்டைப் பிரித்துக் கருவி செய்யலாம் என்கிறார்களே?

பதில் 1:
ஈரப் பசையே கடத்தியாக வேலை செய்யும். பிடரிப் பக்கம் பசை முடியும் இடத்தில் ஒரு ஊசியைத் தொடவைத்து, அந்த ஊசியில் கிளிப்பை மாட்டுங்கள். பசைப் பூச்சு எங்கேயும் அறுபடாமல் இருக்கவேண்டும். தனியாக நிற்கும் திட்டில் முடி நிமிராது. பிறகு கருவியைத் தலைக்கு நெருக்கமாக, ஆனால் தொடாமல் பிடித்து, தலையைச் சுற்றிச் சுற்றித் தூவுங்கள்.

கொசு பேட் வேண்டாம் என்பேன். அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், பிரிக்கும்போதே அடிக்கும்.

பதில் 3:
முகமூடி இல்லாமல் யாரும் இதைச் செய்யாதீர்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நைலான் ஃப்ளாக் ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தத் தூசியால் நுரையீரல் நோய் வந்ததை 1990களில் மருத்துவர்கள் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். நாள் முழுக்க ஆலையில் நிற்பதும் வீட்டில் ஒரு தலைக்குச் செய்வதும் ஒன்றல்ல. இருந்தாலும் குழந்தைகள் உள்ள அறையில் வேண்டாம்.

கேட்டவர்:
எல்லாம் சொன்னபடி செய்தேன். உச்சியில் அருமையாக நிற்கிறது! இடது பக்கம் மட்டும் இழைகள் கொத்துக் கொத்தாக விழுந்திருக்கின்றன. தாடியும் வைக்க ஆசை.

பதில் 2:
கொத்தாக விழுந்தால் ஃப்ளாக் ஈரம் வாங்கியிருக்கிறது. ஹீட்டர் ஓடி அறை மிகவும் வறண்டிருந்தாலும் சிக்கல்தான், அப்போது இழை சரியாக மின்னேற்றம் பெறாது. காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

இப்போதைக்குத் தலையைத் தொடாமல் 24 மணி நேரம் விடுங்கள். பிறகு மென்மையான பிரஷால் உதிரியைத் தட்டிச் சேர்த்து, சலித்து வைத்துக்கொண்டால் தாடிக்கு அதுவே போதும். தாடிக்கு 0.5 மி.மீ. இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய தூரிகையால் பசையைத் தாடை ஓரத்திலிருந்து மேல்நோக்கி இழுங்கள். உதட்டுக்குக் கீழே ஒரு இடைவெளி விடுங்கள். என்றாவது விற்கும்போது முடி புதிது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.