திருகோணமலை மேடைகளில் பேஸ் கிட்டாருக்கு நான்கு பத்தங்குலப் பெட்டியா, ஒற்றைப் பன்னிரண்டங்குலப் பெட்டியா?

ஐந்தாம்தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் திருமண வீடுகளிலும் தேவாலய நிகழ்ச்சிகளிலும் வாசிக்கும் குழுவொன்றில் ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை எனக்கென்று ஸ்பீக்கர் பெட்டி இருந்ததில்லை. பயிற்சி அறையிலுள்ள பழைய கொம்போவை (அம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வைத்தும், மேடைகளில் நேரடியாக மிக்ஸரில் இணைத்தும் காலத்தை ஓட்டிவிட்டேன். சென்ற ஆண்டு 4 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கர் பெட்டி அம்ப்புக்குக் காட்டும் மின்தடையின் அளவு) 500 வாட் தரக்கூடிய, எடை குறைந்த கிளாஸ் டி வகை அம்ப் ஒன்றை வாங்கினேன். இப்போது அதற்கொரு பெட்டி வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்திருக்கிறது.

கொழும்பில் ஒரு கடையில் இரண்டு பெட்டிகளைப் பார்த்தேன். ஒன்று, நான்கு பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட, முன்பு யாரோ பாவித்த பெட்டி. 4 ஓம், எடை 40 கிலோவுக்கும் மேல். மற்றையது, பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் உள்ள புதிய பெட்டி; 8 ஓம், எடை 15 கிலோ. விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் 20 நிமிடங்கள் தாழ்ந்த சத்தத்தில் வாசித்துப் பார்த்ததில் பெரியதன் ஒலி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனாலும் உடனே காசைக் கொடுக்க மனம் வரவில்லை. இங்குள்ளவர்கள் எதைச் சொல்வீர்கள்?

உப்புக்காற்று எழுதியது:

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பெரியதை வாங்குங்கள்.

பேஸ் ஒலி என்பது காற்றைத் தள்ளும் வேலை. நான்கு பத்தங்குலக் கூம்புகளின் மொத்தப் பரப்பு, ஒரு பன்னிரண்டங்குலக் கூம்பின் பரப்பைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதே சத்தத்தை எழுப்ப ஒவ்வொரு கூம்பும் குறைந்த தூரமே அசைந்தால் போதும் என்பதால், ட்ரம்ஸ்காரர் உற்சாகமாகி அடிக்கத் தொடங்கும் நேரத்திலும் ஒலி கலங்காமல் நிற்கும். அத்துடன் உங்கள் அம்ப் 4 ஓமில்தான் 500 வாட் தருகிறது. 8 ஓம் பெட்டியைக் கொழுவினால் கிடைப்பது அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான். வலுவைப் பாதியாக்கினால் 3 டெசிபல் போகிறது. பெட்டியின் உணர்திறனில், அதாவது ஒரே வலுவுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதில், உள்ள வேறுபாட்டையும் சேர்த்தால், சிறிய பெட்டி ஆட்டம் தொடங்கும் முன்னரே பின்தங்கிவிடுகிறது.

1969இல் அம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்விடி அம்ப்பைக் கொண்டுவந்தபோது, அதன் கீழ் எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியைத்தான் வைத்தார்கள். பெரிய திறந்த மேடைகளில் கிட்டார்களுக்கு நடுவே பேஸ் கேட்க வேண்டும் என்ற தேவைக்காகப் பிறந்த பெட்டி அது. நம்மூரில் கடற்கரை மணலில் வாசிப்பதும் அதே தேவைதான்.

மணல்மேடை எழுதியது:

உப்புக்காற்று அண்ணாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் தம்பி கடையில் செய்த சோதனையை நான் சோதனையாகவே ஏற்கமாட்டேன்.

பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சமவொலிக் கோடுகள் சொல்வது இதுதான்: சத்தம் தாழ்ந்திருக்கும்போது நம் காது தாழ்ந்த சுரங்களை மிகக் குறைவாகவே கேட்கிறது. ஆகவே மெதுவாக வாசித்துப் பார்க்கும் கடையில், கீழ்ப்பகுதியைச் சற்றுத் தூக்கித் தரும் பெட்டியே எப்போதும் "நல்ல பெட்டி" என்று தோன்றும். மேடையில், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், அந்தத் தூக்கலே சேறாகிவிடும். இன்னொன்று கேட்கிறேன்: பெரிய பெட்டி தரையில், சுவரோடு ஒட்டியிருந்ததா? சிறியது வேறெதன் மேலாவது வைக்கப்பட்டிருந்ததா? தரையும் சுவரும் தாழ்ந்த ஒலியை அள்ளிக் கொடுப்பவை. மூலையில் வைத்தால் இன்னும் அதிகம். அந்த இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்திருந்தால் உங்கள் தீர்ப்பும் மாறியிருக்கக்கூடும்.

அடுத்தது, சபையோருக்கு பேஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மேடையின் இருபுறமும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களின் வேலை. உங்கள் பெட்டி உங்களுக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். அமெரிக்காவின் டெட்ரொயிற்றில் மோடவுன் இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் பெட்டியேதும் இல்லாமல் நேரடியாகப் பதிவானது. அந்த ஒலியை நாம் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாம்தந்தி எழுதியது:

ஆம் அண்ணா, நீங்கள் கேட்டது போலவேதான். பெரியது மூலையில் தரையில் இருந்தது. சிறியதை இன்னொரு பெட்டியின் மேல், ஏறக்குறைய என் நெஞ்சளவு உயரத்தில் வைத்திருந்தார்கள். அப்போது இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

உப்புக்காற்று எழுதியது:

மணல்மேடை சொல்லும் ஒழுங்கான ஏற்பாடு உள்ள மேடைகளில் அவர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நடக்கும் திருமணங்களில் நமக்குக் கிடைப்பது என்ன? வாழ்த்துரைக்கும் பாட்டுக்கும் போதுமான, கம்பத்தில் ஏற்றிய இரண்டு ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கான சப் ஸ்பீக்கர் கிடையாது. அதில் பேஸையும் ஏற்றினால் பாடகரின் குரலே நடுங்கும். அப்படியான இடத்தில் பேஸ் முழுவதும் உங்கள் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரை வரவேற்பு ஒன்றில், பெட்டியேதும் இல்லாமல் மிக்ஸரை மட்டும் நம்பி வாசிக்கப் போனேன். வாடகைக்கு வந்த ஒலியமைப்பில் என் பேஸுக்கான இணைப்பு, பைலா ஆட்டப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே செத்துப்போனது. ஆறெட்டுத் தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கால் தேடுவது பேஸைத்தான் என்பதை அன்று நேரில் கண்டேன். அன்றிலிருந்து என் பெட்டி இல்லாமல் நான் எந்த மேடைக்கும் போனதில்லை. திறந்த வெளியில் மூலையும் இல்லை, சுவரும் இல்லை. சிறிய பெட்டிக்கு முட்டுக்கொடுக்க அங்கே எதுவுமே இல்லை.

ஈயப்பற்று எழுதியது:

பெரியதா சிறியதா என்ற வழக்கில் நான் கட்சி சேரவில்லை. திருத்தும் மேசைக்கு வரும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பவன் என்ற முறையில், பாவித்த பெட்டியை எப்படிச் சோதித்து வாங்குவது என்று மட்டும் எழுதுகிறேன்.

கடலுக்கு அருகில் நான்கு வருடம் இருந்த பெட்டியொன்றைச் சென்ற மாதம் திறந்தேன். வெளியே கறுப்புத் துணி புதிதுபோல் இருந்தது. உள்ளே, ஸ்பீக்கரின் இணைப்புக் காதுகளில் செருகியிருந்த இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. ஒன்றை விரலால் தொட்டதும் கழன்று கையோடு வந்தது. காந்தத்தின் மேல் தகட்டில் பிடித்த துரு, குரற்சுருள் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) அசையும் ஒடுங்கிய இடைவெளிக்குள் துகளாக இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஸ்பீக்கர், சத்தமான இசையில் தன் குறையை மறைத்துவிடும். தனித்த, நீண்ட ஒரு தாழ்ந்த சுரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆகையால் கடைக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுபோங்கள். 4 ஓம் என்று எழுதியுள்ள பெட்டியின் செருகுவாயில் ஏறக்குறைய 3 ஓம் காட்ட வேண்டும். நேர்மின்னோட்டத்தில் அளப்பதால் எழுதியதைவிடக் குறைவாகவே காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாக இணைத்த பெட்டியாக இருந்து மீட்டர் 4க்கு மேல் காட்டினால், ஒரு ஸ்பீக்கரோ அதன் இணைப்போ செத்துவிட்டது என்று கொள்ளலாம். முன்கம்பி வலையைக் கழற்றச் சொல்லி, கூம்பின் இரு பக்கத்திலும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அமுக்கிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். பிறகு தாழ்ந்த ஈ தந்தியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக மெதுவாக ஏறி வாசித்து, எந்தச் சுரத்திலாவது பெட்டி கடகடக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது தளர்ந்த ஆணியாகவோ, பின்தகட்டில் காற்றுப் போகும் வெடிப்பாகவோதான் இருக்கும்; அவை சிறிய குறைகள். ஆனால் விலை பேசும்போது சொல்லத்தக்கவை.

அம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். அதன் மெல்லிய கம்பி இவ்வளவு மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல. திருகிப் பூட்டும் ஸ்பீக்கொன் செருகியுள்ள ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள்.

மணல்மேடை எழுதியது:

ஈயப்பற்று எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். எனினும் இன்னும் யாரும் தொடாத இரண்டு விடயங்கள் மிச்சமிருக்கின்றன.

முதலாவது, ஓம். இன்று 4 ஓம் பெட்டியை வாங்கினால் தம்பியின் பாதை அங்கேயே அடைபட்டுவிடும். இதுபோன்ற சிறிய அம்ப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 4 ஓமே கீழெல்லை. அதனுடன் இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் சுமை 2.7 ஓம் அளவுக்கு இறங்கி, அம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அல்லது கெட்டுப்போகும். மாறாக, 8 ஓம் பெட்டி ஒன்றை இன்று வாங்கி, அதே வகையில் இன்னொன்றை அடுத்த வருடம் வாங்கினால், இரண்டும் சேர்ந்து சரியாக 4 ஓம். முழு 500 வாட்டும் கிடைக்கும், கூம்புப் பரப்பும் இரட்டிப்பாகும். உள்ளரங்குக்கு ஒன்று, கடற்கரைக்கு இரண்டு. இரண்டையும் சேர்த்தாலும் 30 கிலோதான். அதையும் இரு கைகளில் பிரித்துத் தூக்கலாம். முச்சக்கர வண்டியில் வந்து மாடிப்படி ஏறும் வாசிப்பாளருக்கு இது சிறிய சலுகை அல்ல. இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு எந்தப் பெட்டியும் நன்றாக ஒலிக்காது.

இரண்டாவது, ஐந்தாவது தந்தி. தாழ்ந்த பி சுரம் 31 ஹெர்ட்ஸ். ஈ சுரம் 41. அண்ணா எடுத்துக்காட்டிய எட்டுப் பத்தங்குலப் பெட்டியின் ஒலி 58 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே சரியத் தொடங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் அதில் ஈ தந்தி கம்பீரமாகக் கேட்பது ஏன்? சுரத்தின் இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வெண்களைக் கேட்டு, அடிச்சுரத்தைக் காதே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவருள் ஒருவரான ஹொஃப்மனின் பெயரால் வழங்கும் விதியும் இங்கே பொருந்தும்: பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், மிகத் தாழ்ந்த சுரம் வர வேண்டும், குறைந்த வலுவில் சத்தம் அதிகமாக வேண்டும் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒரு பெட்டி தரும். ஆகவே 31 ஹெர்ட்ஸைத் தேடி பெரிய பெட்டியை வாங்குவதில் பொருளில்லை. துளையிட்ட சிறிய பெட்டியானால், அம்ப்பில் உள்ள, மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் தாழ்வடைப்பானை 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள். கூம்பு ஒலி எழுப்பாமல் வெறுமனே துடித்துக் களைப்பது நிற்கும்.

ஐந்தாம்தந்தி எழுதியது:

மன்னிக்கவும், பதில் எழுத 12 நாட்கள் ஆகிவிட்டன. எல்லோரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, முடிவெடுக்கும் முன் நானே சோதிப்பதென்று தீர்மானித்தேன். உப்புக்காற்று அண்ணா தன் நான்கு பத்தங்குலப் பெட்டியைக் கொடுத்தார். நண்பர் ஒருவரிடம் பன்னிரண்டங்குலப் பெட்டியொன்றை இரவல் வாங்கினேன். முதலில் நாங்கள் பயிற்சி செய்யும் மண்டபத்தில், ட்ரம்ஸோடு.

மண்டபத்தில் பெரிய பெட்டியை மூலையில் வைத்தபோது ஏ சுரம் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு முழங்கியது. ஒரு மீற்றர் முன்னே இழுத்ததும் அது அடங்கியது. அதே இடத்தில் சிறிய பெட்டியைத் தரையில் வைத்து வாசித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கதிரையின் மேல் தூக்கி வைத்ததும் கீழ்க்கனம் கொஞ்சம் குறைந்தாலும் என் விரல் தந்தியில் விழும் ஒலி தெளிவாகக் கேட்டது. ட்ரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டு, சிறியதே தனக்குத் தாளம் பிடிக்க இலகுவாக இருக்கிறது என்றார்.

மறுநாள் மாலை டச்சு விரிகுடாப் பக்கம் நண்பர் வீட்டு முற்றத்தில், திறந்த வெளியில். அங்கே கதை மாறிவிட்டது. 10 அடி விலகிப் போனதும் சிறிய பெட்டியின் கனம் காற்றோடு போய்விட்டது. அம்ப்பைக் கூட்டினால், அது தன் எல்லையைத் தொட்டதைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. ட்ரம்ஸின் அடிக்கு மேல் என்னால் வர முடியவில்லை. பெரிய பெட்டி அதே இடத்தில், பாதிக்கும் குறைவான சத்தத்தில் வைத்தபோதே மதிலுக்கு வெளியே கேட்டது. அதை முற்றத்துக்கு இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும்.

என் மேடைகளை எண்ணிப் பார்த்தேன். கடந்த ஒரு வருடத்தில் வாசித்தவற்றில் திறந்தவெளி ஆறே ஆறு. மீதி எல்லாம் மண்டபங்களும் தேவாலயங்களும். ஆகவே 8 ஓம் பன்னிரண்டங்குலப் பெட்டி ஒன்றை இப்போது வாங்குகிறேன். இரண்டாவதற்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

உப்புக்காற்று எழுதியது:

உங்கள் கணக்கை மதிக்கிறேன் தம்பி, ஆனால் உடன்படவில்லை. மண்டபத்தில் எந்தப் பெட்டியும் தப்பிவிடும். பெட்டியின் தரம் தெரிவது அந்த ஆறு மேடைகளில்தான், நம்மை ஊரார் நினைவில் வைத்திருப்பதும் அங்கேதான். இரண்டாவது பெட்டி வந்து சேரும்வரை கடற்கரை நிகழ்ச்சி ஏதும் வந்தால் முதல்நாளே சொல்லுங்கள். என்னுடையதை எடுத்துப் போகலாம். ஆனால் தூக்குவதற்கு இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேடையில் வைத்ததும் ஒரு மூலையை நிலத்தில் உறுதியாகப் பதித்து அசைத்துப் பாருங்கள். மணலில் சாய்ந்து நின்றால் ஒரு பக்கச் சட்டம் கடகடக்கும்.

ஈயப்பற்று எழுதியது:

புதுப் பெட்டி வந்ததும் பின்தகட்டைத் திறந்து, இணைப்புக் காதுகளை ஒருமுறை கழற்றிச் செருகி, மின்தொடுப்புக்கான கிரீஸ் சிறிதளவு பூசிவிடுங்கள். மாரி தொடங்கும் முன் செய்துவிட்டால் நல்லது.