அப்பாவின் எடை தினமும் ஏறி இறங்குகிறது, மெஷினை நம்பலாமா?

கும்பகோணம் மகள்:

அப்பாவுக்கு 74 வயது. போன மாதம் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். இதயம் பம்ப் செய்வது குறைவு, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். நீர் மாத்திரை கொடுத்து, தினமும் எடை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்கே டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்கினேன். கண்ணாடித் தட்டு, 100 கிராம் வித்தியாசம் வரை காட்டும். இந்த வாரம் திங்கள் 68.4, செவ்வாய் 67.1, புதன் 68.9, வியாழன் 67.3. புதன்கிழமை அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரே நாளில் 1.8 கிலோ! ஆனால் கால் வீங்கவில்லை, படுத்தால் மூச்சு வாங்கவும் இல்லை.

இன்னொன்று: திரும்ப ஏறச் சொன்னால் அச்சடித்த மாதிரி அதே எண்தான் வருகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகும் அதே. மெஷின் பாத்ரூம் வாசலில் இருக்கிறது. எது நிஜமான ஏற்றம், எது மெஷின் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டயாலிசிஸ் நர்ஸ்:

எங்கள் பிரிவில் ஒவ்வொருவரையும் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். எவ்வளவு நீர் எடுப்பது என்பதே அந்தக் கணக்கில்தான். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லையே? காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் பாருங்கள். தினமும் ஒரே மாதிரி உடை. அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரைக் கிலோ ஏறத்தான் செய்யும்.

கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுகிறது, படுக்க இன்னொரு தலையணை கேட்கிறார் என்றால் மெஷின் என்ன காட்டினாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து கூப்பிட்டாலும் தப்பே இல்லை. நீர் மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தராசு மெக்கானிக் (ஓய்வு):

31 வருடம் தராசு வேலை பார்த்தவன் அம்மா. முதலில் அதைப் பாத்ரூம் வாசலிலிருந்து எடுங்கள். தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் அங்கே வாட்டம் கொடுத்திருப்பார். மெஷினின் நாலு காலிலும் ஆளுக்கொரு லோடு செல் இருக்கிறது. ஏறி நின்றால் உள்ளே இருக்கும் தகடு மயிரிழை அளவு வளையும், அந்த வளைவைத்தான் மெஷின் எடையாக மாற்றிக் கூட்டிச் சொல்கிறது. ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் இறங்கினாலும் கணக்குக் கெட்டுவிடும். ஹாலில் சமமான இடமாகப் பாருங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் ஒரு கோலிக்குண்டு போதும், உருளக் கூடாது. மெஷினை வைத்து நாலு மூலையையும் அமுக்கிப் பாருங்கள், ஆடக் கூடாது. அப்புறம் அந்த இடத்தை மாற்றாதீர்கள். தூக்கி நகர்த்தினால் முதலில் லேசாகத் தட்டி 0.0 வரவிட்டு, அணைந்த பிறகு ஏறச் சொல்லுங்கள்.

அதே எண் வருவதைத் துல்லியம் என்று நினைக்க வேண்டாம். பல மெஷின்களில் புது எடை பழைய எடைக்குப் பக்கத்தில் இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். நடுவில் நீங்கள் ஒரு தடவை ஏறி இறங்குங்கள், அந்த ஞாபகம் போய்விடும்.

சரிபார்க்க ஒரு வழி: 10 கிலோ அரிசிப் பையை முத்திரை போட்ட தராசு இருக்கும் கடையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் தனியாக ஒரு தடவை, பையோடு ஒரு தடவை ஏறுங்கள். வித்தியாசம் கடை எடையோடு ஒத்துப்போக வேண்டும். மெஷின் எப்போதும் அரைக் கிலோ கூடக் காட்டினால்கூடப் பரவாயில்லை. நாளுக்கு நாள் என்ன மாறுகிறது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. ஏறும்போது அப்பா எதையாவது பிடித்துக்கொள்கிறாரா? எண் ஒரு தடவை நின்றுவிட்டால் பிறகு கையை எடுத்தாலும் மாறாது. சுவரில் ஊன்றினால் எடை குறைவாகத்தான் காட்டும், நிஜமாக ஏறியதையும் மறைத்துவிடும்.

கும்பகோணம் மகள்:

ஐயா, ஆமாம். இன்று காலை ஆறு மணிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இத்தனை நாள் நான் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் வலது உள்ளங்கை கதவு நிலையில் அழுந்தியிருந்தது. கேட்டதற்கு, "விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கும்மா, சொன்னா நீ கவலைப்படுவே" என்றார்.

மெஷினை ஹாலுக்கு மாற்றி, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, நான் பின்னால் கையை விரித்து நின்றேன். அப்பா எதையும் தொடவில்லை. நடுநடுவே நான் ஏறி இறங்கி, மூன்று தடவை பார்த்தோம்: 68.6, 68.5, 68.6. அரிசிப் பை கடையில் 10.04, வீட்டில் 10.1.

டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். இனி 68.6-லிருந்து கணக்குப் பார்க்கச் சொன்னார். மெஷினின் நாலு மூலைக்கும் தரையில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன்.