செத்த வீட்டுக்குப் போகாமல் ஸ்டேட்டஸ் போட்டேன், இப்போது அவன் கதைக்கிறானில்லை

கோணமலைப்பெடியன் எழுதியது:

நேராகவே சொல்கிறேன், பிழை என்னுடையதுதான். ஆறாம் ஆண்டிலிருந்து ஏ.எல். வரை ஒரே வாங்கில் இருந்த சிநேகிதன், வீடு இங்கே திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், சைக்கிளில் பதினைந்து நிமிடம். மூன்று கிழமைக்கு முன் அவனுடைய அப்பா தவறிவிட்டார். செய்தி வந்ததும் 'ஆழ்ந்த அனுதாபங்கள் மச்சான்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கூடவே ஒரு கும்பிடும் கை. அப்புறம் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி வைத்து ஒரு ஸ்டேட்டஸ். 63 பேர் பார்த்திருந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லை.

ஏன் என்று அம்மா கேட்டபோது வேலை என்றேன். பொய். போனால் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. போனில் என்றால் எழுதி அழித்துத் திரும்ப எழுதலாம், அவன் அழுதுகொண்டு முன்னால் நின்றால் எதை அழிப்பது? சட்டை மாற்றிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன், இரண்டு தரம்.

இப்போது எதை அனுப்பினாலும் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் மீம்ஸ் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான், ஆனால் கடைசியாக நேரில் இருந்து கதைத்தது எப்போது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா, எனக்கு மட்டும்தான் ஏதும் கழன்றிருக்கிறதா? இனிப் போகலாமா?

உவர்மலை அக்கா:

தம்பி, செத்த வீட்டில் கதைக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் அப்பா தவறியபோது வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை, ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது இன்றைக்கும் ஒவ்வொருவராகச் சொல்வேன். பக்கத்து வீட்டு மாமா ஒருவர், வேலிப் பிரச்சினையில் ஆறு வருஷம் எங்கள் முகம் பார்க்காதவர், வந்து பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார், கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார், எழும்பிப் போனார். அடுத்த நாளும் வந்தார். (வேலி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது, அது வேறு கதை.)

நாங்கள் சின்ன வயதில் இதைப் பழகியது அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான். எங்கே இருப்பது, எப்போது எழும்புவது, போகும்போது 'போய்ட்டு வாறம்' என்று சொல்லக்கூடாது என்பதெல்லாம் யாரும் பாடம் எடுக்கவில்லை. இப்போது ரியூசன் இருக்கிறது, படிக்கட்டும் என்று பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். பிறகு பெடியனுக்குப் பழக்கம் தெரியாது என்று போனைத் திட்டுகிறோம். உங்கள் அம்மாவிலும் பாதிப் பிழை இருக்கிறது என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்.

31ஆம் நாள் சடங்கு இன்னும் முடியவில்லைதானே. போங்கள். வருகிறேன் என்று மெசேஜ் போடாமல் போங்கள்.

கிண்ணியா காக்கா:

எல்லாரும் வாட்ஸ்அப்பை ஏசுவதால் மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு மௌத்து, அதாவது சாவு, என்றால் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொல்வார்கள், அது கேட்கும் தூரத்துக்குத்தான் செய்தி. எங்கள் ஜனாஸா (இறந்தவரின் உடல்) நாள் கணக்கில் வைத்திருக்கிற விஷயமில்லை, காலையில் மௌத்து என்றால் பின்னேரத்துக்குள் மையவாடியில் அடக்கம். டவுனில் இருக்கிறவனுக்குச் செய்தி போய், அவன் வந்து, தண்ணீரைக் கடக்கிற படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. இப்போது ஜனாஸாவுக்குச் சனம் கூடித்தான் இருக்கிறது. குறையவில்லை.

செய்தி கிடைத்தவன் சைக்கிளை எடுத்தானா, அதுதான் கதை. நீங்கள் எடுத்திருக்கிறீர்கள், திரும்ப வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, மூன்றாம் தரம் எடுங்கள்.

ரியூசன் மாஸ்டர்:

அக்கா சொன்ன 'பழக்கம்' என்பதற்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்து ஆட்கள் செய்தது, 2014இல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேரை ஐந்து நாள் போன், டிவி எதுவும் இல்லாத முகாமில் விட்டார்கள். அதே வயதுப் பிள்ளைகள் இன்னும் 54 பேர் வழமைபோல் வீடும் பள்ளிக்கூடமுமாக இருந்தார்கள். முன்னும் பின்னும் முகங்களையும் சின்னச் சின்ன வீடியோக்களையும் காட்டி, இவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கேட்டதில் முகாமுக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஐந்தே நாள்!

ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு. முகாமில் போன் இல்லை, சரி, அதோடு நாள் முழுக்கச் சோடி சோடியாக ஓடியாடித் திரிந்திருப்பார்கள். போன் போனதாலா, கூட்டு வந்ததாலா? என் வகுப்பில் பார்த்ததைச் சொன்னால் இரண்டாவதுதான் என்பேன். 2020, 21இல் ஒன்லைனில் படித்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது எழும்பி நின்று ஒரு வசனம் சொல்ல மாட்டார்கள், மேசையைப் பார்த்தபடி முணுமுணுப்பார்கள், கேள்வியை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் போனைப் பறிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு பேரைக் கரும்பலகைக்கு வரச் சொன்னேன், ஒருவர் கணக்குச் செய்ய மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். இரண்டு மாதத்தில் கத்தத் தொடங்கிவிட்டார்கள், இப்போது வாயை மூடச் சொல்லவேண்டி இருக்கிறது.

டச்சுபே காற்று:

என் தம்பியின் சிநேகிதன் எங்கள் கேற்றடியில் நின்றுகொண்டு 'வந்துட்டன்' என்று மெசேஜ் அனுப்புகிறான், இவன் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறான், நாய் குரைக்கிறது, அவன் வெயிலில் நின்று போனையே பார்க்கிறான். அம்மா போய்க் கேற்றைத் திறந்தால் பயந்துவிட்டான். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய்க்கு என்ன நோவு?

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இதே பெடியன் போனில் சார்ஜ் இல்லாமல் எங்கள் விறாந்தையில் இருந்து அப்பாவோடு டாம் பலகையில் காய் நகர்த்தி விளையாடினான். அப்பாவைத் தோற்கடித்தும் இருக்கிறான். கரண்ட் வந்தது, ஆள் காணாமல் போய்விட்டார்.

கோணமலைப்பெடியன்:

நேற்றுப் பின்னேரம் போனேன். மெசேஜ் போடவில்லை.

அவன் முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான், வாடகைக்கு எடுத்ததில் ஆறு மிச்சமாக நின்றதாம், கடைக்காரன் இன்னும் எடுக்க வரவில்லையாம். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன், ஆறையும் விறாந்தைக்குத் தூக்கினோம். 'பிந்திட்டன்டா' என்றேன், வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. 'ம்ம்' என்றான். அவனுடைய அம்மா பிளேன்ரீ கொண்டுவந்து தந்துவிட்டு, அப்பா உன்னைக் கேட்பார் என்று சொன்னபோதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அழுதது அவனில்லை, நான்.

ஒரு மணித்தியாலம் இருந்தேன். பத்து வசனம் கதைத்திருப்போமா தெரியாது. ஸ்டேட்டஸைப் பார்த்ததாகவும், அன்றைக்கு இரவு என்னுடைய சைக்கிள் மணி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும் வெளிக்கிடும்போது சொன்னான்.

31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கன்னியாவில், வெந்நீர்க் கிணற்றடியில். வான் வண்டியில் சொந்தக்காரருக்கே இடம் போதாதாம், என்னைச் சாமான்களோடு பின்னால் சைக்கிளில் வரட்டாம். தேங்காய்ச் சாக்கை எப்படிக் கட்டுவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், கரியர் ஆடுகிறது.