ஓக் மரத்தடியில் புல்லுக்குப் பதில் கோரை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஓக் நிழலில் புல்தரை ஒவ்வொரு கோடையிலும் திட்டுத்திட்டாகக் கருகியது. அங்கே பென்சில்வேனியா கோரை வைத்தேன். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஓக் மரங்களுக்கு அடியில் தானாக வளர்வது அது. காய்ந்த மண்ணும் நிழலும் அதற்குப் பழக்கம். 15 முதல் 30 செ.மீ. உயரம்தான் வரும், அதற்குமேல் நுனி மடிந்து மெத்தென்று படுத்துக்கொள்ளும்.

விதை தூவ நினைப்பவர்களுக்கு: முளைப்பு ரொம்பக் குறைவு. குழித்தட்டு நாற்றாக வாங்கி 20, 30 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். முதல் வருடம் தண்ணீரும் களையெடுப்பும் கட்டாயம். மேலே வளர்ச்சி பெரிதாகத் தெரியாது, ஆனால் மண்ணுக்குள் வேர்த்தண்டு ஓடிக்கொண்டிருக்கும். தரை மூடிய பிறகு வேலையே இல்லை. குளிர்காலம் முடிந்து தளிர் வருமுன் ஒரு முறை, 5 செ.மீ. விட்டு வெட்டுகிறேன். உரம் போடுவதில்லை.

"காடு மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்கிறார்கள். ஆகாது, ஓரம் சரியாக இருந்தால். நடைபாதையை ஒட்டித் தரைமட்டத்துக்குச் செங்கல் பதித்திருக்கிறேன். அந்தக் கோடு நேராக இருப்பதால் உள்ளே கோரை எப்படிச் சாய்ந்து கிடந்தாலும் பார்த்துச் செய்த தோட்டமாகவே தெரிகிறது. வேறு எதையும்விட இதற்குச் செலவு செய்யுங்கள்.

—

கோரை என்றதும் என் மாமியார் பதறிவிட்டார். வயலில் கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவர் அவர், பயம் நியாயம்தான். இது கிழங்கு வைக்காத இனம். மெதுவாகத்தான் பரவும், செங்கல் வரப்பைத் தாண்டினால் கையாலேயே பிடுங்கிவிடலாம். எங்கள் வீட்டில் மான் வரும். பக்கத்திலிருந்த ஹோஸ்டாவை (அகல இலை கொண்ட நிழல்செடி) மொட்டையடித்துவிட்டு இதை விட்டுவிட்டுப் போனது. அதற்காகவே இன்னும் இரண்டு தட்டு வாங்கினேன்.

—

பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் மட்டும் வேண்டாம். எப்போதாவது நடந்து போனால் தாங்கும், தினமும் பந்து விளையாடினால் தாங்காது. தண்ணீர் தேங்கும் மூலையிலும் இது சரிவராது. அப்புறம் இலையுதிர் காலத்தில் ஓக் இலை கனமாக மூடினால் கொஞ்சம் வாரிவிடுங்கள். லேசாக விழுந்தது அப்படியே கிடக்கட்டும், கோரைக்கு இடையில் இறங்கி மக்கிவிடும். ஏப்ரலில் வெளிர் மஞ்சளாகச் சின்னப் பூ வரும், குனிந்து பாருங்கள்.