பார்க்கின்சன் நோய்: ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை போட்டால் நன்றாக நடக்கிறார். ஆனால் அடுத்த வேளைக்கு முன்பே அதன் வேகம் அடங்கிவிடுகிறது. வாசற்படி வந்தால் கால் அப்படியே நின்றுவிடும். அங்கே தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறோம். அதைத் தாண்டச் சொன்னால் மட்டும் கால் எழுகிறது! புரதம் மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால் பருப்பு, முட்டையை இரவுக்குத் தள்ளிவிட்டோம்.

இப்போது மருத்துவர் ஆழ்மூளைத் தூண்டல் பற்றிப் பேசுகிறார். மூளைக்குள் மின்முனை, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. இது நோயைக் குணப்படுத்தாது, நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும் என்பது தெரியும். அப்பா தயார், அம்மாதான் பயப்படுகிறார்.

பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா அல்லது வேறெங்காவது செய்துகொண்டவர்களின் குடும்பத்தார் சொல்லுங்கள்: பிறகு பேச்சு குழறியதா? மின்தூண்டலின் அளவைச் சரிசெய்ய எத்தனை முறை போக வேண்டியிருந்தது? பேட்டரி மாற்றும் செலவுக்குக் காப்பீடு கிடைத்ததா?

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது எனக்கும் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.