ஞாயிறு வரலாற்று உரை: எங்கே, எதைப் பற்றி?

சங்கச் செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்புப் பூங்காவில் மாதந்தோறும் ஒரு வரலாற்று உரை நடத்துவது என்று முடிவாகியிருக்கிறது. முதல் உரை திருமலை நாயக்கர் மகாலைப் பற்றியது. பேச்சாளரிடம் என்னென்ன சொல்லச் சொல்லலாம் என்று தெரிவிக்கவும்.

தலைமையாசிரியர் ஐயா: 1636இல் கட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான் என்பதையும், பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டு போனதையும், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் எஞ்சியதைப் பழுதுபார்க்க வைத்ததையும், பின்னர் 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்ததையும் விரிவாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால், மகால் இருக்கிற ஊரில் பூங்காவில் நாற்காலி போட்டு மகாலைப் பற்றிக் கேட்பானேன்?

மாடி வீட்டு அக்கா: நானும் அதையே நினைத்தேன், ஐயா. என் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றபோது, தூண்களின் சுண்ணாம்புப் பூச்சில் ஆளுயரம் வரை யார் யாரோ கீறி வைத்த பெயர்களைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கை எட்டாத உயரத்தில் அதே பூச்சு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

கடைசித் தெரு தம்பி: மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டு என்பார்களே, அதை அறிவிப்பில் போட்டால் கூட்டம் தானாக வரும்.

தலைமையாசிரியர் ஐயா: வேண்டாம், தம்பி. சான்று கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். மகாலுக்கு மண்ணெடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று, அங்கேதான் முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்பவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். செவிவழிச் செய்தி என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கடைசித் தெரு தம்பி: சரிங்க ஐயா. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய கல் கட்டுமானம் பழைய மதுரைக் கோட்டையின் மிச்சமா?

தலைமையாசிரியர் ஐயா: ஆம், கோட்டையின் மேற்கு வாசல் அது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைத் திரும்பிப் பாராமல் பேருந்துக்கு ஓடுகிறார்கள். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்ததால் கிடைத்த நிலத்தில்தான் வெளி வீதிகள் உருவாயின. அந்தப் பணியை மேற்பார்த்தவர்களின் பெயர்களையே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் தாங்கியிருக்கின்றன. விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டது. என்னைக் கேட்டால், முதல் உரை இந்தக் கோட்டையைப் பற்றியதாகவே இருக்கட்டும். நின்றுகொண்டிருக்கும் மகாலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

மாடி வீட்டு அக்கா: என் மாமியாரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, ஆனால் விட்டுவிட்டுப் போனால் எங்களை விடமாட்டார்.

சங்கச் செயலாளர்: பெரியவர்களை ஆட்டோவில் நேரே விளக்குத்தூணுக்கு அழைத்து வந்துவிடலாம், கடைகள் திறக்கும் முன் அங்கே உட்கார இடம் கிடைக்கும். மற்றவர்கள் காலை ஆறரை மணிக்கு மேற்கு வாசலில் கூடி, அங்கிருந்து பேசிக்கொண்டே நடந்து வருவோம். மடக்கு நாற்காலி வைத்திருப்பவர்கள் இன்றிரவுக்குள் தெரிவிக்கவும். பேச்சாளரிடம் தலைப்பு மாறியதை நானே சொல்லிவிடுகிறேன்.

கடைசித் தெரு தம்பி: எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிகள் உள்ளன. அறிவிப்பில் சுரங்கத்தை நீக்கிவிட்டேன்.