சளிக்காய்ச்சலில் குழந்தையின் நினைவைக் கவனியுங்கள்

மீனா சித்தி: குழந்தைக்கு இன்ஃப்ளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல் என்று நேற்றுப் பரிசோதனையில் தெரிந்தது. இன்று விடியற்காலையில் கண்கள் மேலே செருகி, கை கால்கள் இழுத்துக்கொண்டு, இரண்டு நிமிடங்களில் தானாகவே நின்றது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு, காய்ச்சல் வலிப்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது என்னை அடையாளம் கண்டு பேசுகிறான். ஆனாலும் மனம் பதறுகிறது. சளிக்காய்ச்சல் மூளையைத் தாக்குமா, கவிதா?

கவிதா: அவன் உங்களை அடையாளம் கண்டு பேசுகிறான் என்பதுதான் நல்ல செய்தி, சித்தி. ஆறு மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இத்தகைய வலிப்பு வருகிறது. பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் தங்குவதில்லை. மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடங்களைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ராமு மாமா: மூளையைத் தாக்குவது என்பது வேறு நோயா, அம்மா?

கவிதா: வேறுதான் மாமா, மிக அரிது. பெரும்பாலான நோயாளிகளின் தண்டுவட நீரில், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில், வைரஸ் அகப்படுவதே இல்லை. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் அளவு மீறும்போது, மூளையின் இரத்தக்குழாய்கள் தங்கள் காப்பை இழந்து கசிய, மூளை வீங்கிவிடுகிறது. ஜப்பானில் மிசுகுச்சியும் சக மருத்துவர்களும் 1995இல் விவரித்த கடுமையான வகையில், மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் இருபுறமும் சிதைவது ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். காய்ச்சல் தொடங்கிய சில நாட்களிலேயே இது முற்றிவிடும். ஆகவே தெர்மாமீட்டரைவிட, குழந்தையின் நினைவுதான் முக்கியம்: எழுப்பினாலும் எழாமை, பெற்றவளையே தெரியாமல் விழித்தல், சம்பந்தமில்லாமல் பிதற்றுதல், வலிப்பு நின்ற பிறகும் தெளியாமை.

சரசு அத்தை: காய்ச்சல் இறங்க வீட்டிலுள்ள ஆஸ்பிரினைக் கொடுக்கலாமா?

கவிதா: வேண்டவே வேண்டாம், அத்தை. இன்ஃப்ளுயன்சா, சின்னம்மை ஆகியவற்றின்போது ஆஸ்பிரின் கொடுத்தால், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரக்கூடும். ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரேய் 1963இல் எழுதிய நோய் அது. மருத்துவர் சொன்ன பாரசிட்டமாலை, எடைக்கேற்ற அளவில் கொடுத்தால் போதும்.

பெரியப்பா: எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு என்ன ஆபத்து?

கவிதா: இன்ஃப்ளுயன்சா வந்த முதல் சில நாட்களில் பக்கவாதத்திற்கான வாய்ப்பு கூடுகிறது, பெரியப்பா. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இன்னொன்று, காய்ச்சல் விட்டு ஓரிரு வாரங்கள் கழித்துப் பாதங்களில் மரமரப்பு தொடங்கி, பலவீனம் கால்களிலிருந்து மேலேறும் கில்லன் பாரே என்னும் நரம்பு நோய். மூச்சுத் தசைகளை எட்டுவதற்குள் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) சிகிச்சையோ, இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமோ தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். படியேறத் திடீரெனச் சிரமப்பட்டால், அதை முதுமையின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

மீனா சித்தி: இரவில் அவனை அடிக்கடி எழுப்பிப் பார்க்கவா?

கவிதா: தேவையில்லை, சித்தி. மருந்துக்காக எழுப்பும்போது உங்களைத் தெரிகிறதா, தண்ணீர் கேட்கிறானா என்று பாருங்கள்.

மீனா சித்தி: சரி, ஏதேனும் மாறுதல் தெரிந்தால் உடனே இந்தக் குடும்பக் குழுவில் எழுதுகிறேன்.

கவிதா: இங்கே எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள், சித்தி. நேராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வழியில் என்னை அழையுங்கள்.